ஒத்திக்குப் போன வீடு

பொத்துவில்
10.2.1955

அன்புள்ள உம்மாவுக்கு,

மகன் அச்சிமுகம்மது ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. நானும் றாஹிலாவும் மாமா மாமியும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் நோவு இப்போது எப்படி? வேப்பெண்ணெய் சூடாக்கிப் பூசச் சொல்லி றாஹிலா சொன்னாள்.

கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கு வருவேன் என்று சொல்லியிருந்தேன். மாமாவின் தோணிக்குத் தார் பூச ஆள் இல்லை என்றார்கள். அதனால் வரமுடியவில்லை, கோபிக்க வேண்டாம்.

உம்மா, ஒரு விசயம். கோமாரியில் ஒருவர் தன் கரைவலையையும் தோணியையும் ஒன்றாக விற்கப் போகிறார். வலை நல்ல வலை, நான் கையால் தடவிப் பார்த்தேன். சித்திரை பிறக்கக் கடல் அடங்கிவிடும், அதற்குள் வாங்கிவிட்டால் இந்த வருட மீன்பாட்டைப் பிடிக்கலாம். கலியாணம் முடித்து மூன்று வருடமாக மாமாவின் வலையைத்தான் இழுக்கிறேன். கூலிக்கு இழுக்கிறவனுக்குப் பொழுதுபடப் பங்கைக் கையில் கொடுக்கிறார்கள். எனக்குச் சோறாகக் கொடுக்கிறார்கள். ஒரு சுருட்டு வாங்குவதென்றாலும் றாஹிலாவிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

ஊரில் வீட்டின் பேரில் கடன் கொடுக்கிறவர்கள் யார் யார் என்று விசாரித்து எழுதுங்கள். வீட்டு உறுதிப் பத்திரம் உங்கள் பேரில் இருப்பதால் நீங்கள் கையெழுத்து வைத்தால்தான் நடக்கும். மனமில்லாவிட்டால் வேண்டாம், நான் வேறு வழி பார்க்கிறேன்.

உங்கள் துஆவை வேண்டும்,
மகன் அச்சிமுகம்மது

⁂

சாய்ந்தமருது
21.2.1955

என் கண்ணான மகன் அச்சிமுகம்மதுவுக்கு உம்மா செய்னம்பு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். முழங்காலும் சுகம், மழைக்கு மட்டும் கொஞ்சம் முறைக்கும். மருமகளுக்கும் சம்மந்திமாருக்கும் என் ஸலாத்தைச் சொல்லு.

உன் கடிதங்கள் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகப் போய், மழை தொடங்கிய பிறகு ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. இப்போது வந்த கடிதத்தில் உம்மாவைவிட வீடுதான் அதிகம் இருந்தது. பரவாயில்லை, வீட்டையாவது நினைத்தாயே. கொடியேற்றத்துக்கு உனக்கென்று எடுத்துவைத்த கந்தூரிச் சோற்றை இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கோழிக்குப் போட்டேன். கோபம் இல்லை.

வீட்டு விசயத்துக்கு வருகிறேன். பள்ளியில் நம் குடிக்குத் தலைவராக இருக்கும் மரைக்கார் அப்துல் ஸமட்டிடம் சொன்னால்தான் ஊருக்குப் பரவும் என்று அவரை வரச்சொல்லிக் கதைத்தேன். அவர் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "பொம்புளப் புள்ள இல்லாத வீடு, ராத்தா. ஆருக்குச் சீதனம் குடுக்கப் போறீங்க? பேசாமப் பள்ளிக்கு எழுதி வெச்சா நன்மையாவது கிடைக்கும்" என்றார். "என்ட மகனுக்குத் தோணி வேணும் மரைக்கார், நன்மைய மறுகா பாப்பம்" என்றேன். சிரித்துக்கொண்டு போனார். ஆனால் காரியத்தில் ஆள் கெட்டிக்காரர்.

ஐக்கிய நாணய சங்கத்தில் அங்கத்தவருக்குத்தான் கடனாம். வாப்பா அங்கத்தவராக இருந்தார், மௌத்தானவரின் அங்கத்துவம் பெண்சாதிக்கு வராதாம். கல்முனைக் கடைத்தெருவில் ஒருவர் நாளைக்கே தருவாராம், வட்டிக்கு. வட்டிக் காசில் வாங்கின வலையில் படுகிற மீனை நான் ஆக்கவும் மாட்டேன், தின்னவும் மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். மற்றது சம்மாந்துறையில் ஒரு போடியார், பெரிய வயல்காரர். அவர் வட்டி வாங்கமாட்டார். வீட்டை வந்து பார்க்கிறேன் என்று ஆள் அனுப்பியிருக்கிறார்.

செய்தி பரவியதும் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். சிலர் கடன் கொடுக்க, சிலர் யார் கொடுக்கப் போகிறார்கள் என்று பார்க்க. வாப்பாவின் நாற்பதாம் கத்தத்துக்குப் பிறகு இந்த வாசலில் இத்தனை செருப்பு கிடந்ததில்லை. அலுமாரிக்குள் கிடந்த பூப்போட்ட கோப்பைகளை எடுத்துக் கழுவி, வந்த எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தேன். ஒருவர் காசே இல்லாதவர், சும்மா வந்தவர். அவருக்கும் கொடுத்தேன், வெகு நேரம் இருந்து கதைத்துவிட்டுப் போனார்.

எனக்கு மனமில்லையோ என்று கேட்டிருக்கிறாய். ஆண் பிள்ளையைப் பெற்றால் அவன் இன்னொருத்தியின் வீட்டுக்குப் போவான் என்று தெரிந்துதான் பெற்றேன். வீடு இங்கே கிடந்து என்ன செய்யப் போகிறது.

வேளைக்குச் சாப்பிடு. காற்றுக் கடலில் இறங்காதே. வஸ்ஸலாம்.

உன் உம்மா

⁂

பொத்துவில்
1.3.1955

உம்மாவுக்கு ஸலாம். எல்லாரும் சுகம், உங்கள் சுகத்துக்குத் துஆச் செய்கிறோம்.

கோமாரிக்காரர் அவசரப்படுத்துகிறார். வேறு ஆட்களும் வலையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். போடியார் வட்டி இல்லாமல் தருவதென்றால் அவரிடமே வாங்கிவிடுங்கள். யோசித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. பதிலை உடனே போடுங்கள்.

அச்சிமுகம்மது

⁂

சாய்ந்தமருது
12.3.1955

என் மகனுக்கு ஸலாமும் துஆவும். நான் சுகம். நீ சுகம் என்று ஒரு வரியில் எழுதியிருந்தாய், அதை நம்பிக்கொண்டேன்.

போடியார் வந்தார். கார் பிடித்து வந்தார். செருப்பைக் கழற்றாமல் வீட்டைச் சுற்றினார், சுவரைத் தட்டிப் பார்த்தார், வளவுக்குள் போய்த் தென்னையை அண்ணாந்து பார்த்தார். கிணற்று நீரைக் குடித்துப் பார்த்து நல்லது என்றார். பிறகு கதிரையில் இருந்துகொண்டு கேட்டார்:

"வீட்டுல ஆரு ஆரு இரிக்கீங்க?"

"நான்தான்."

"வேற?"

"வேற ஒருத்தருமில்ல."

"நல்லது" என்றார்.

அது என்ன நல்லது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பிறகு உறுதியைக் கொண்டுபோய்க் கல்முனையில் நொத்தாரிசு அழகரெத்தினத்தாரிடம் காட்டியபோதுதான் விளங்கியது. போடியார் கேட்பது அறுதி. இப்போதே அவருக்கு விற்றதாக எழுதவேண்டும், இரண்டு வருடத்துக்குள் காசைக் கொடுத்தால் திருப்பி எழுதித் தருவார். கொடுக்க முடியாவிட்டால் வீடு அவருக்கு. அழகரெத்தினத்தார் கண்ணாடியைக் கழற்றிவைத்து, "அம்மா, எழுதச் சொன்னா எழுதுவன், அது என்ட தொழில். ஆனா அந்த மனிசன் வீட்டத் திருப்பிக் குடுத்ததா நான் ஒரு உறுதியும் எழுதினதில்ல" என்றார். எழுப்பி அனுப்ப ஆள் குறைந்த வீடு அவருக்கு நல்ல வீடு. அந்த "நல்லது" நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது மகன், கோப்பையைக் கழுவும்போதும் அதுதான் கேட்டது. போடியாருக்கு இல்லையென்று சொல்லிவிட்டேன்.

நீ கோபிக்க முன்னம் மற்றதையும் கேள். மருதமுனையிலிருந்து பக்கீர் முகைதீன் என்று ஒரு நெசவுகாரர் வந்தார். தறியில் சாரன் நெய்து கல்முனைச் சந்தையில் விற்கிறவர். பெண்சாதி ஜுனைதா, மூன்று பிள்ளைகள். ஜுனைதாவின் தங்கச்சிக்குக் கலியாணம் முடிந்து, இருந்த வீடு சீதனமாகத் தங்கச்சிக்குப் போய்விட்டது. இவர்களுக்கு என்று மாமனார் காட்டிய வளவு வழக்கில் கிடக்கிறது. தகப்பன் வழி வயலை விற்ற காசு பக்கீர் முகைதீனின் கையில் இருக்கிறது, குடியிருக்க வீடு இல்லை. நம்மிடம் வீடு இருக்கிறது, காசு இல்லை. ஒத்திக்குத் தாருங்கள் என்றார். வட்டி கிடையாது. காசு நம்மிடம் இருக்கும் மட்டும் அவர்கள் வீட்டில் இருப்பார்கள். நீ காசைத் திருப்பிக் கொடுக்கிற அன்று எழும்பிப் போவார்கள். வீடு என்றைக்கும் நம்முடையதுதான்.

ஒத்திக்குக் கொடுத்தால் வீட்டுக்காரர் வெளியேற வேண்டும், அதுதான் வழக்கம். நான் எங்கே போவது என்று மரைக்கார் இழுத்தார். அதற்குள் குசினியைப் பார்க்கப் போன ஜுனைதா அங்கேயிருந்து சத்தம்போட்டாள்: "உம்மா எங்க போற? அந்தச் சின்ன அறைக்குள்ள இரிக்கட்டும். எனக்கும் ஒரு ஆள் வேணும்." அவளுடைய கடைசிப் பிள்ளை, நடக்கப் பழகுகிற வயது, என் பாயில் ஏறிப் படுத்து உறங்கிவிட்டது. அவர்கள் போகிற நேரம் அதைத் தூக்க வந்தபோது, கொஞ்சம் உறங்கட்டும் என்று நான்தான் மறித்தேன்.

நீ கேட்ட காசில் முக்கால்வாசிதான் அவரிடம் உண்டு. மிச்சத்துக்கு என் கைக்காப்பை விற்றேன், அதை இனி யாருக்குப் போடப் போகிறேன். வெள்ளிக்கிழமை எழுத்து. வந்து காசை வாங்கிக்கொண்டு போ. வருகிற அன்று உனக்குப் பிடித்த கணவாய் ஆணம் காய்ச்சுவேன். இரவைக்குத் தங்கு.

உன் உம்மா செய்னம்பு

⁂

பொத்துவில்
6.4.1955

அன்பான உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் போதுமானவன், நாங்கள் சுகம். நோன்பு வரப்போகிறது, முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வலையும் தோணியும் என் கைக்கு வந்துவிட்டன. நேற்று முதல் வலை வளைத்தோம். பெரிய பாடு இல்லை, என்றாலும் பங்கு பிரிக்கிற இடத்தில் மாமா என் பக்கத்தில் நின்றார், நான் பிரித்தேன். இதைச் சொல்ல உங்களைத் தவிர ஆள் இல்லை.

அன்று வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டேன். கணவாய் ஆணத்தைச் சட்டியோடு கட்டித் தந்தீர்கள். கோமாரிக்காரருக்குப் பொழுதுபட முன்னம் வருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன் என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனால் உங்கள் அலுமாரி குசினிக்குப் பக்கத்துச் சின்ன அறைக்குள் போயிருந்ததையும், வாப்பா படுத்த மண்டபத்தில் யாரோ ஒருவருடைய பெட்டிகள் இருந்ததையும் பார்த்த பிறகு எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. சட்டி மடியில் சூடாக இருந்தது. அக்கரைப்பற்று வரைக்கும் நான் தலையை நிமிர்த்தவில்லை.

இங்கே ஒருவன் விளையாட்டுக்குச் சொல்கிறானாம், "தாயை ஒத்திவைத்துத் தோணி வாங்கினவன்" என்று. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. அல்லாஹ்வின் மீது ஆணையாக, கடல் அடங்கியிருக்கிற இந்த மாதங்களுக்குள் மீட்டுத் தருவேன். அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகன் அச்சிமுகம்மது

⁂

சாய்ந்தமருது
3.6.1955

மகனுக்கும் மருமகளுக்கும் பெருநாள் ஸலாம். இங்கே எல்லாரும் சுகம்.

பதில் பிந்திவிட்டது, குறை நினைக்காதே. நோன்புக்கு ஜுனைதாவும் நானும் சேர்ந்து பெரிய பானையில் கஞ்சி காய்ச்சினோம். எவ்வளவு காய்ச்சினாலும் மிஞ்சவில்லை, இந்த வீட்டில் வயிறுகள் அப்படி. ஸஹருக்கு என்னை எழுப்புவது மூத்தவள் நபீசா. "வீட்டும்மா, ஒழும்புங்க, பாங்கு சொல்லப் போறாங்க" என்று காதுக்குள் வந்து சொல்வாள். இவ்வளவு காலமும் நான்தான் என்னை எழுப்பிக்கொண்டிருந்தேன்.

பின் விறாந்தையில் குழி வெட்டித் தறி போட்டிருக்கிறார் பக்கீர் முகைதீன். சுபஹுக்குப் பிறகு தொடங்கினால் லுஹர் வரைக்கும் அந்தச் சத்தம்தான். முதல் கிழமை தலையிடித்தது. இப்போது அது நின்றால் என்ன நின்றுவிட்டதே என்று எட்டிப் பார்க்கிறேன். நான் நூல் சுற்றிக் கொடுக்கிறேன். முதலில் சிக்கலாக்கிவிட்டேன், மனிசன் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.

கடைசிப் பயல் என் முந்தானையைப் பிடித்து இழுக்கிறான், எழுத விடுகிறானில்லை. அங்கே இப்போது மீன்பாடு நல்லது என்று சந்தைக்கு வந்தவர்கள் சொல்லி அறிந்து சந்தோசம். மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

உம்மா

⁂

பொத்துவில்
20.7.1955

அன்பான உம்மாவுக்கு ஸலாம்.

நாங்கள் சுகம். "மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்" என்றீர்கள். தபால்காரர் நம் வாசலைக் கடக்கும் நேரம் பார்த்துக் கரையிலிருந்து வருகிறேன், அவர் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். முன்பெல்லாம் உங்கள் கடிதம் இரண்டு பக்கமும் நிரம்பி ஓரத்திலும் ஏறும். நான்தான் பதில் போடாமல் கிடந்தேன். அதற்காக இப்போது நீங்கள் என்னைத் தண்டிக்கவில்லை என்று தெரியும், இருந்தாலும் எழுதுங்கள்.

இந்த வருடம் ஆண்டவன் கடலைத் திறந்துவிட்டான். பாரை நன்றாகப் படுகிறது. நான் ஒரு சதமும் வீணாக்கவில்லை, சுருட்டையும் விட்டுவிட்டேன். ஒத்திக் காசைத் தனியாகக் கட்டி வைக்கிறேன். இப்படியே போனால் மாரிக்கு முன்னம் வீட்டை மீட்டுவிடலாம்.

ஒரு விசயம் உங்களிடம் மட்டும். காசு வந்த பிறகு இங்கே எல்லாரும் மரியாதையாகத்தான் இருக்கிறார்கள். பாயைத் தட்டிப் போடுகிறார்கள், கோப்பையில் தேத்தண்ணி வருகிறது. ஆனால் நான் உள்ளே வந்தால் குசினியில் கதை நின்றுவிடுகிறது. மூன்று வருடமாகியும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதான். வாப்பாவும் நம் வீட்டில் இப்படித்தான் இருந்தாரா? உங்களிடம் கேட்கவேண்டும் என்று கடலில் நிற்கும்போது நினைத்தேன்.

பதில் போடுங்கள் உம்மா.

மகன் அச்சிமுகம்மது

⁂

சாய்ந்தமருது
2.9.1955

மகனுக்கு ஸலாம். பிள்ளைகள் மூன்று பேருக்கும் கொப்புளிப்பான். வேப்பிலைத் தண்ணீர் வைப்பதும் விசிறுவதுமாக ஜுனைதாவும் நானும் மாறி மாறி விழித்திருக்கிறோம். எழுத நேரம் கிடைக்கவில்லை. உன் கடிதம் கிடைத்தது. வாப்பா வெளியே போனால்தான் சத்தமாகக் கதைப்பார், நான் அதை அவரிடம் கேட்டதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். சுருட்டை விட்டது நல்லது.

உம்மா

⁂

பொத்துவில்
30.9.1955

அன்புள்ள உம்மா,

ஸலாம். பிள்ளைகளுக்கு இப்போது சுகமா? உங்களுக்குத் தொற்றவில்லையே?

காசு சேர்ந்துவிட்டது. முழுக் காசும். நேற்று இஷாவுக்குப் பிறகு றாஹிலாவை வைத்துக்கொண்டு எண்ணினேன், அவளும் சந்தோசப்பட்டாள். பக்கீர் முகைதீன் காக்காவிடம் சொல்லிவிடுங்கள், வேறு வீடு பார்க்க அவருக்கும் நாள் வேண்டுமே. எப்போது வரட்டும் என்று எழுதுங்கள், வந்து அழகரெத்தினத்தாரிடம் மீட்பு எழுதிவிடலாம். மறுபடியும் நீங்கள் மண்டபத்தில் வாப்பாவின் கட்டிலில் படுப்பதை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வருவேன். இந்த முறை தங்குவேன்.

மகன் அச்சிமுகம்மது

⁂

சாய்ந்தமருது
19.10.1955

கண்ணியத்துக்குரிய தம்பி அச்சிமுகம்மது அவர்களுக்கு,

உங்கள் வீட்டில் ஒத்திக்கு இருக்கும் பக்கீர் முகைதீன் ஸலாம் கூறி எழுதுவது. தாங்களும் குடும்பத்தாரும் நலமாக இருக்க வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக. உம்மா சுகமாக இருக்கிறார்கள். நான் இந்தக் கடிதம் எழுதுவது அவர்களுக்குத் தெரியாது, மன்னிக்கவேண்டும்.

மருதமுனையில் என் பெண்சாதிக்குச் சேரவேண்டிய வளவின் வழக்கு நல்லபடியாக முடிந்துவிட்டது. மாரிக்கு முன்னம் ஒரு கூரையைப் போட்டுவிட நினைக்கிறேன். கையில் வேறு காசு இல்லை. ஆவணியிலேயே உம்மாவிடம் சொன்னேன். இந்த வருடம் பொத்துவில் கடலில் மீன் சரியாகப் படவில்லை, தம்பி கஷ்டத்தில் இருக்கிறார், அடுத்த வருடம் பார்ப்போம் என்றார்கள். போன கிழமையும் கேட்டேன். வலை கிழிந்துபோனதாகவும் சொன்னார்கள்.

தம்பி, தொழில் செய்கிறவனுக்குத்தான் தொழில் செய்கிறவனின் கஷ்டம் தெரியும். முழுக் காசும் முடியாவிட்டால் பாதியாவது தர முடியுமா? இதற்காக உம்மாவைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவர்கள் எங்களைப் பெற்ற தாயைப்போலப் பார்க்கிறார்கள். என் பெண்சாதிக்கு இது எழுதியது தெரிந்தால் என்னோடு கதைக்கமாட்டாள்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ம. பக்கீர் முகைதீன்

⁂

பொத்துவில்
27.10.1955

உம்மாவுக்கு ஸலாம்.

பக்கீர் முகைதீன் காக்கா எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார். என் கடலில் மீன் இல்லையாம். என் வலை கிழிந்து கிடக்கிறதாம். என்னுடைய போன கடிதத்துக்கு ஏன் பதில் வரவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. ஏன் உம்மா இப்படிச் சொன்னீர்கள்? இவ்வளவு மாதமும் நான் எதற்காகப் பாடுபட்டேன்? ஊரில் எல்லாருக்கும் நான் ஒன்றுக்கும் உதவாதவன் என்றல்லவா தெரிந்திருக்கும்.

இப்படி எழுதிவிட்டு இரண்டு தரம் கிழித்துப் போட்டேன். றாஹிலா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "மாமி தனியத்தானே இரிந்த. அவங்க வந்த மறுகா ஒரு ஆள் கதைக்கக் கிடைச்சிருக்கு. நீங்க வீட்ட மீட்கப் போறீங்க, மாமிக்கு என்ன மிஞ்சப் போகுது?" என்று கேட்டாள். நீங்கள் ஒத்திக்குச் சம்மதித்தது என் தோணிக்காக மட்டும் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

ஆனால் உம்மா, காசு அவருடையது. மழை பிடித்துவிட்டால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் எப்போது வீடு கட்டுவது? என் கையில் காசு இருக்கும்போது இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. வெள்ளிக்கிழமை வருகிறேன். நீங்கள் என்னோடு பொத்துவிலுக்கு வந்து இருங்கள். மாமியிடம் கேட்டுவிட்டேன், "வந்து இரிக்கட்டும்" என்றார்கள்.

மகன் அச்சிமுகம்மது

⁂

சாய்ந்தமருது
11.12.1955

என் மகன் அச்சிமுகம்மதுவுக்கு உம்மா செய்னம்பு ஸலாம் சொல்லி எழுதுவது. நான் சுகம். நீயும் மருமகளும் சம்மந்திமாரும் சுகம் என்று உன் கடிதத்தில் கண்டேன், அல்ஹம்துலில்லாஹ். மழை விடாமல் பெய்கிறது. அங்கேயும் பெய்யும், தோணியை மேட்டில் ஏற்றிவிட்டாய்தானே?

நீ வந்து தங்கிய இரண்டு நாளும் நான் சரியாக முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மனதில் வைக்காதே. நீ செய்தது சரி. அடுத்தவன் காசைப் பிடித்து வைத்திருந்தது நான்தான், பொய் சொன்னதும் நான்தான். உன் வலையை வாயால் கிழித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதையும் பக்கீர் முகைதீன் உன் கஷ்டத்தை நினைத்துத்தான் என்று எடுத்துக்கொண்டு எனக்கு ஆறுதல் சொன்னார். அவ்வளவு நல்ல மனிசன்.

நீ பஸ் ஏறிய மூன்றாம் நாள் அவர்களும் வண்டியில் சாமான் ஏற்றினார்கள். ஜுனைதா குசினியைக் கழுவி, அடுப்பை மெழுகி, விறகும் அடுக்கி வைத்துவிட்டுப் போனாள். அழுதாள். நான் அழவில்லை, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பயல் வண்டியில் ஏறமாட்டேன் என்று கத்தினான். "நாளைக்கு வீட்டும்மாக்கிட்ட வருவம்" என்று நபீசா பொய் சொல்லித்தான் ஏற்றினாள்.

தறிக்குழியை மூடவேண்டாம், கிடக்கட்டும் என்று பக்கீர் முகைதீனிடம் எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. "இரிந்த வீட்டுல குழி விட்டுப் போகப்பிடாது உம்மா" என்று கடற்கரை மணல் கொண்டுவந்து நிரப்பி, மேலே களிமண் போட்டு, கையால் தடவி மெழுகிவிட்டுத்தான் போனார். எந்த இடம் என்று இப்போது தெரியவே தெரியாது. நான்தான் அதில் மிதிக்காமல் சுற்றி நடக்கிறேன்.

ஜுனைதா முதல் இரண்டு வெள்ளிக்கிழமையும் வந்தாள். பிறகு மழை. அவளுக்கும் புது வீட்டு வேலை இருக்கும்தானே.

நீ சொன்னபடி மண்டபத்தில் வாப்பாவின் கட்டிலில்தான் படுக்கிறேன். பெரிய மண்டபம். அலுமாரியையும் மரைக்காரின் ஆட்கள் வந்து தூக்கிப் பழைய இடத்தில் வைத்துவிட்டார்கள். ஒரு பேணி அரிசியை ஆக்கினால் இரண்டு நாளைக்கு வருகிறது. சுபஹுக்கு நானே எழும்புகிறேன், பிந்தவில்லை.

பொத்துவிலுக்கு வரச்சொல்லித் திரும்பவும் எழுதியிருக்கிறாய். உன் மாமி "வந்து இரிக்கட்டும்" என்றது பெரிய மனசு. ஆனால் விருந்தும் மருந்தும் மூன்று நாள். நீயே அங்கே உள்ளே வந்தால் கதை நிற்கிறது என்று எழுதினாய், மாப்பிள்ளையின் தாய் வந்தால் குசினியில் யார் மூச்சு விடுவார்கள்? அதற்கு றாஹிலாவை இங்கே கூட்டிக்கொண்டு வா என்றும் நான் சொல்லமாட்டேன். பெண் பிள்ளையை அவளுடைய வீட்டிலிருந்து எழுப்பி எடுத்த பாவம் நமக்கு வேண்டாம். அவளுக்கு என் மேல் இரக்கம் உண்டு என்று தெரிந்துகொண்டேன், அது போதும். அவளுக்கு ஆண் பிள்ளை கிடைத்தாலும் ஒரு பெண் பிள்ளையும் கிடைக்கவேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

மகன், ஒன்று கேட்கிறேன், யோசித்துப் பதில் எழுது. சித்திரைக்குக் கடல் திறக்குமல்லவா? ஒரு தோணியை வைத்துக்கொண்டு நீ எத்தனை காலம் பாடுபடுவது? மற்றவர்களெல்லாம் இரண்டு மூன்று வைத்திருக்கிறார்கள் என்று நீதான் அன்று சொன்னாய். கோமாரியிலோ திருக்கோவில் பக்கத்திலோ வேறு தோணி, வலை ஏதும் விலைக்கு வருகிறதா என்று விசாரித்துப் பார். காசுக்கு யோசிக்காதே. வீடு சும்மாதான் கிடக்கிறது, உறுதியும் என் கையில் இருக்கிறது. மரைக்காரிடம் ஒரு சொல் சொன்னால் போதும், ஆட்கள் வருவார்கள். பிள்ளை குட்டியோடு ஒத்திக்கு வீடு தேடுகிறவர்கள் ஊரில் இல்லாமலா போவார்கள்.

பதிலை உடனே போடு. பூப்போட்ட கோப்பைகளைக் கழுவி மேசையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன், அலுமாரிக்குள் இன்னும் வைக்கவில்லை.

உன் உம்மா செய்னம்பு